கழுத்துக் குழாயில் ஒரு பலூன்

"அத்தான், உங்கட பினாங்கில இதைச் செய்வினமோ?"

என் மனைவியின் தங்கை 2010இல் டொரொண்டோவிலிருந்து போனில் கேட்டது இது. பினாங்கில் குடியிருக்கும் எவருக்கும் இப்படிப்பட்ட கேள்வி புதிதல்ல. பைபாஸுக்கு எவ்வளவு ஆகும், முட்டி மாற்ற எந்த ஸ்பெஷலிஸ்ட் நல்லவர், அங்கே தங்க மலிவாக ரூம் கிடைக்குமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பர்மா ரோடு, மெக்கலிஸ்டர் ரோடு, பங்கோர் ரோடு என்று ஜார்ஜ்டவுனில் ஒரு சுற்றுச் சுற்றினால் அட்வென்டிஸ்ட், ஐலண்ட், லோ குவான் லாய், க்ளெனீகிள்ஸ் என்று தனியார் மருத்துவமனைகள் வரிசையாக நிற்கும். காலையில் அங்கே காத்திருப்பவர்களில் பலர் மேடானிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள். சிகிச்சைக்காக மலேசியா வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள்தான். அவர்களை நம்பி இந்த ஊரில் ஹோட்டல் நடக்கிறது, சாப்பாட்டுக்கடை நடக்கிறது, டாக்சி ஓடுகிறது.

ஆனால் அவள் கேட்ட சிகிச்சையை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. "கழுத்தில இருக்கிற ரத்தக்குழாயைப் பலூன் விட்டு விரிக்கிறது. எம்.எஸ். சரியாகுமாம். டிவியில காட்டினவை" என்றாள்.

அவளுக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போய்ச் சில வருடம் கழித்து ஒரு கண்ணில் பார்வை மங்கியது. பிறகு திரும்பியது. அப்புறம் கால் மரத்தது, அதுவும் விட்டது. களைப்பு மட்டும் விடவே இல்லை. நோயின் பெயர் தெரிய வெகு காலமானது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடம்பின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரிப்பதுதான் இந்த நோய். தாக்குதல் வரும், போகும். போகும்போது பலருக்கு ஓரளவு தானாகவே சரியாகும். சிலருக்கு வருடங்கள் போகப்போக நடை தளர்ந்து, கைத்தடி வந்து, சக்கர நாற்காலியும் வரும். நம் பக்கத்தில் இது அரிது. மலேசியாவில் லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருக்கிறது. உலகிலேயே இந்த நோய் அதிகமாக உள்ள நாடுகளில் கனடா ஒன்று. அங்கே எல்லோருக்கும் யாராவது ஒரு எம்.எஸ். நோயாளியைத் தெரிந்திருக்கும். அதனால்தான் ஒரு டிவி நிகழ்ச்சியால் ஒரு நாட்டையே கிளப்பிவிட முடிந்தது.

நிகழ்ச்சி வந்தது 2009 நவம்பரில், கனடாவின் சிடிவி அலைவரிசையில். அதன் நாயகர் பாவ்லோ ஸம்போனி. இத்தாலியின் ஃபெர்ராரா பல்கலைக்கழகத்தில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். அவருடைய மனைவிக்கு எம்.எஸ். நரம்பியல் நிபுணர்கள் காரணம் சொல்ல முடியாமல் நின்ற நோயை இந்த மனிதர் தன் துறையின் கண்ணால் பார்க்கத் தொடங்கினார். எம்.எஸ். புண்கள் மூளையில் சின்னச் சிரைகளைச் சுற்றியே உண்டாகின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த விஷயம். கால் சிரைகளில் ரத்தம் தேங்கினால் அங்கே இரும்புச் சத்து கசிந்து, தோல் கறுத்துப் புண்ணாகும். அது அவருடைய சொந்தத் துறை. மூளையிலும் அதுவே நடந்தால்? மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரைகளும், முதுகெலும்பை ஒட்டிப் போகும் அசிகோஸ் சிரையும் சுருங்கியிருந்தால்? ரத்தம் திரும்பிப் பாய்ந்து, இரும்பு படிந்து, அதனால் அழற்சி வந்தால்?

இந்தக் கேள்வியை நான் குறைத்துப் பேச மாட்டேன். மனைவி தளர்ந்துபோவதைப் பார்த்த ஒரு டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் தேடினார். அது பெரிய விஷயம்.

2009இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. 65 எம்.எஸ். நோயாளிகள், நோயில்லாத 235 பேர். அல்ட்ராசவுண்டில் ஐந்து அடையாளங்களைப் பார்த்தார். அவற்றில் இரண்டு இருந்தால் சிரைக் குறைபாடு என்று கணக்கு. நோயாளிகள் அத்தனை பேருக்கும் இருந்தது, மற்றவர் ஒருவருக்கும் இல்லை என்று எழுதினார். நூற்றுக்கு நூறு. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு கட்டுரை வந்தது. அந்த 65 பேருக்கும் தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரித்தார்கள். விட்டுவிட்டு வரும் வகை எம்.எஸ். உள்ளவர்களில், தாக்குதல் இல்லாமல் இருந்தவர் 27 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தார்கள். கழுத்துச் சிரையை விரித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மறுபடி சுருங்கிவிட்டது என்பதும் அதே கட்டுரையில் உண்டு. அந்த வரியை டிவி பார்த்தவர்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை.

கனடாவில் அதற்கு விடுதலைச் சிகிச்சை என்று பெயர் பரவியது. அது ஏன் இவ்வளவு வேகமாக மனதில் ஒட்டியது என்று யோசித்திருக்கிறேன். நோய் எதிர்ப்பு மண்டலம், டி அணுக்கள், இன்டர்ஃபெரான் என்றெல்லாம் சொன்னால் யாருக்குப் புரியும்? குழாய் அடைத்திருக்கிறது, திறந்துவிட்டால் சரியாகும் என்றால் சமையலறை சிங்க் அடைத்த அனுபவமுள்ள எல்லோருக்கும் உடனே புரியும். அதோடு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அதன் காய்ச்சலும் உடல்வலியும் தெரியும், விலையும் தெரியும். ஒரே ஒரு முறை பலூன், அதே நாளில் வீடு என்று ஒருவர் சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாயாமல் என்ன செய்யும்? என் மைத்துனியின் மனமும் சாய்ந்தது. அவளைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவள் கேட்டதற்காக எனக்குப் பழக்கமான ஒரு ரத்தக்குழாய் ஸ்பெஷலிஸ்டைப் போய்ப் பார்த்தேன். நான் பாயான் லெப்பாசில் மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். அந்த வட்டாரத்தில் இது பழைய தொழில். பி. பிரவுன் கம்பெனி 1972லேயே பினாங்கில் ஆலை போட்டுவிட்டது. உலகம் முழுக்க நோயாளிகளின் கையில் ஏறும் ஊசிக்குழாய்களில் எத்தனையோ எங்கள் தீவில் செய்தவை. ஆகையால் குழாய் என்றால் என்ன, பலூன் என்றால் என்ன என்று அந்த டாக்டர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னது வேறு.

"தமனியும் சிரையும் ஒன்றில்லை" என்றார். இதயத் தமனிக்குத் தடித்த சுவர். கொழுப்பு படிந்து அடைத்தால் பலூன் விட்டு நசுக்கி, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து நிறுத்தலாம். சிரைக்கு மெல்லிய சுவர், உள்ளே அழுத்தமும் குறைவு. படுத்தால் கழுத்துச் சிரை விரிந்திருக்கும், எழுந்து உட்கார்ந்தால் எல்லோருக்குமே சுருங்கிவிடும், அப்போது ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகள் வழியே இறங்கும். தலையைத் திருப்பினாலும், தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும் அல்ட்ராசவுண்ட் படம் மாறும். கருவியை அழுத்திப் பிடிக்கும் கையைப் பொறுத்தும் மாறும். கழுத்துப் புற்றுநோய் அறுவையில் கழுத்துச் சிரையையே எடுத்துவிடுவது உண்டு; அவர்களுக்கு எம்.எஸ். வருவதில்லையே என்று கேட்டார். கடைசியில், "நூற்றுக்கு நூறு என்று மருத்துவத்தில் ஒரு முடிவு வந்தால், அதை வேறு யாராவது செய்து பார்க்கும்வரை நான் காத்திருப்பேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்படியே டொரொண்டோவுக்குச் சொன்னேன். "காத்திருக்க அவருக்கு நேரம் இருக்கு. எனக்கு இருக்கோ?" என்றாள்.

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வேறு ஆட்கள் செய்து பார்க்கத்தான் செய்தார்கள். ஜெர்மனியில் 2010இல் ஃப்ளோரியன் டோப் குழுவினர் 56 நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட அந்தக் குறைபாடு இல்லை. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகம் 2011இல் வெளியிட்ட ஆய்வில் எம்.எஸ். நோயாளிகளில் 56 விழுக்காட்டினருக்கு இருந்தது, ஆரோக்கியமானவர்களில் 23 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஓரிடத்தில் நூறு, ஓரிடத்தில் பூஜ்யம், ஓரிடத்தில் 56. ஒரே பொருளை மூன்று பேர் அளந்து மூன்று எண் வந்தால் எங்கள் ஆலையில் பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன் அளவுகோலைத்தான் சந்தேகப்படுவோம். இத்தாலியிலேயே 35 மையங்களில் 1,767 பேரை வைத்து, யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பது படம் பார்ப்பவருக்குத் தெரியாதபடி செய்த பெரிய ஆய்வு 2013இல் வந்தது. எம்.எஸ். நோயாளிகளில் 3.26 விழுக்காடு, ஆரோக்கியமானவர்களில் 2.13. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அதே ஆண்டு லான்செட் இதழில் கனடாவின் ஆன்டனி ட்ராபுல்சி குழுவினர் அல்ட்ராசவுண்டை விட்டுவிட்டு, சிரைக்குள்ளேயே குழாய் விட்டுச் சாயம் செலுத்திப் படமெடுத்த முடிவு வந்தது. சிரை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தவர்கள் எம்.எஸ். நோயாளிகளில் 74 விழுக்காடு. நோயில்லாத அவர்களுடைய உடன்பிறந்தோரில் 66. சம்பந்தமே இல்லாத மற்றவர்களில் 70. சிரை சுருங்கியிருப்பது நோயின் அடையாளமே அல்ல, மனித உடம்பின் சாதாரண இயல்பு. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஏனென்றால் அதற்குள் என் மைத்துனி போய் வந்துவிட்டாள்.

போனது இந்தியாவுக்கு. கனடாவில் செய்ய அனுமதி இல்லை என்றதும் ஆயிரக்கணக்கானோர் வெளிநாடு கிளம்பினார்கள். போலந்து, பல்கேரியா, மெக்சிகோ, கோஸ்டாரிகா, எகிப்து, இந்தியா. விமானம், ஹோட்டல், சிகிச்சை, ஊர் சுற்றிக் காட்டல் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அவளும் அவள் கணவரும் வீட்டின் மேல் கடன் வாங்கினார்கள். ஊரையும் மருத்துவமனையையும் நான் எழுதப்போவதில்லை.

சிகிச்சை முடிந்த இரவே போன் வந்தது. "கால் சூடாயிருக்கு அத்தான். எத்தனை வருசத்துக்குப் பிறகு!" என்று அழுதாள். என் மனைவியும் அழுதாள். அடுத்த வாரங்களில் அவள் படியேறினாள், களைப்பில்லாமல் சமைத்தாள், கோயிலுக்குப் போய்வந்தாள். நாங்கள் இங்கே தண்ணீர்மலை முருகனுக்கு அர்ச்சனை செய்தோம். சில மாதம் அப்படிப் போனது. அப்புறம் களைப்பு திரும்பியது. கால் பழையபடி குளிர்ந்தது. ஒரு வருடத்துக்குள் முன்னைவிடப் பெரிய தாக்குதல் வந்து இடது கை விழுந்தது. இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பலூன் போட்டவர்கள், இனி உங்களுக்கு மருந்து வேண்டியிருக்காது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளும் மருந்தை நிறுத்தியிருந்தாள். ஸம்போனியின் சொந்த ஆய்வில்கூட நோயாளிகள் மருந்தைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவளுக்கு நடந்தது லேசானது என்றே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவருக்குக் கழுத்தில் வைத்த ஸ்டென்ட் நழுவி இதயத்துக்குள் போய், நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டியிருந்தது. இன்னொருவர், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தோடு இருந்தபோது மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். 2009 முடிவதற்குள் அங்கே அதை நிறுத்திவிட்டார்கள். 2010இல் கனடா நோயாளி ஒருவர் கோஸ்டாரிகாவில் வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்து இறந்தார். 2012 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது: மரணம், பக்கவாதம், சிரை சேதம், ரத்த உறைவு, நழுவும் ஸ்டென்ட்.

இத்தனைக்கும் நடுவில் கனடாவில் நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். நோயாளிகள் ஊர்வலம் போனார்கள், எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார்கள். நரம்பியல் நிபுணர்கள் மருந்துக் கம்பெனிகளின் கைக்குள் இருப்பதால்தான் பலூனைத் தடுக்கிறார்கள் என்றார்கள். நிபுணர்களில் சிலர் இவர்களை ஏமாளிகள் என்கிற தொனியில் பேசினார்கள். 2010 ஆகஸ்டில் அரசின் ஆராய்ச்சி நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இப்போதைக்குச் சிகிச்சைப் பரிசோதனை வேண்டாம், சிரைக்கும் நோய்க்கும் தொடர்பிருப்பது முதலில் உறுதியாகட்டும் என்றது. ஆதாரமில்லாத ஒன்றுக்குப் பணத்தைக் கொட்டினால், ஆதாரமுள்ள ஆராய்ச்சிகளுக்குப் பணம் குறையும் என்பது அவர்கள் வாதம். 2011 ஜூனில் அரசு மனம் மாறிப் பரிசோதனைக்குச் சம்மதித்தது. சஸ்காச்சுவான் மாகாணம் தன் நோயாளிகளை அமெரிக்காவின் ஆல்பனி நகரில் நடந்த பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. ஆள் சேராமல் அது பிறகு நின்றுபோனது.

யார் சரி? அறிவியல் கணக்குப்படி 2010இல் வேண்டாம் என்றவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நோயாளிகள் ஏற்கெனவே விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். கேள்வி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, வீடுகளை அடகு வைக்கும் நிலைக்கு வந்துவிட்ட பிறகு, தகுதியான கேள்வியா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பதிலைத் தேடித் தருவதுதான் கடமை. அந்தப் பரிசோதனை உடனே தொடங்கியிருந்தால் எத்தனையோ பேர் போயிருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசு சம்மதித்த அந்தப் பரிசோதனை எப்படி நடந்தது என்பதுதான் எனக்கும் என் மைத்துனிக்கும் பெரிய விவாதமானது. கனடாவில் வான்கூவர், வினிபெக், மொன்றியல், கியூபெக் என்று நான்கு மையங்கள். 104 நோயாளிகள். எல்லோரையும் மேசையில் படுக்கவைத்து, எல்லோருடைய சிரையிலும் குழாயை விட்டார்கள். 49 பேருக்குப் பலூனை விரித்தார்கள். 55 பேருக்கு விரிக்கவில்லை, விரித்ததுபோல் பாவனை செய்தார்கள். தங்களுக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. பிறகு அவர்களைச் சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. சுமார் ஒரு வருடம் கழித்து, முதலில் பலூன் கிடைக்காதவர்களுக்குப் பலூனும், மற்றவர்களுக்குப் பாவனையும் என்று மாற்றினார்கள்.

"நோயாளியிட்ட பொய்யா ஒரு குழாயை விட்டு ஏமாத்துறது சரியோ அத்தான்?" என்று அவள் கேட்டாள். முதல் தடவை கேட்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. பலூன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்து, கையெழுத்துப் போட்டுத்தான் அவர்கள் மேசையில் ஏறினார்கள். இதைச் செய்யாமல் வேறு வழியில்லை என்பதை மருத்துவம் ஒரு தடவை கசப்பாகக் கற்றிருக்கிறது. 1950களில் நெஞ்சுவலிக்கு மார்புக்குள் ஓடும் ஒரு தமனியைக் கட்டிப்போடும் அறுவை அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. கட்டினால் இதயத்துக்கு ரத்தம் கூடும் என்று கணக்கு. நோயாளிகளும் வலி குறைந்தது, மாத்திரை குறைந்தது என்றார்கள். 1959இல் லெனர்ட் காப் என்ற இதய மருத்துவர் 17 பேரில் சிலருக்கு உண்மையாகவே கட்டினார், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார். இரண்டு தரப்பினரும் ஒரே மாதிரி தேறினார்கள். அந்த அறுவை அதோடு ஒழிந்தது. அந்தச் சிறிய ஆய்வு எத்தனை நெஞ்சுகளைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கும்!

கனடாவின் முடிவு 2017 மார்ச்சில் வெளியானது. பலூன் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. நோயின் அளவிலும் இல்லை, ஸ்கேனிலும் இல்லை, வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நோயாளிகள் தாங்களே சொன்னதிலும் இல்லை. இதற்கும் முன்னால் பஃபலோவில் நடந்த சிறிய பரிசோதனையில், பலூன் போட்டவர்களின் மூளை ஸ்கேனில் நோயின் வேகம் கூடியதாகக்கூடத் தெரிந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் இத்தாலியின் முடிவும் வந்தது. அந்தப் பரிசோதனையை நடத்தியவர் ஸம்போனியேதான். ஆறு மையங்கள், 130 பேர். விட்டுவிட்டு வரும் வகை எம்.எஸ். உள்ள 115 பேரில் 76 பேருக்குப் பலூன், 39 பேருக்குப் பாவனை. ஒரு வருடம் கழித்து நடை, சமநிலை, கை, பார்வை, சிறுநீர் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது முன்னேற்றம் இருந்தவர்கள் பலூன் பக்கம் 41.7 விழுக்காடு, பாவனைப் பக்கம் 48.7 விழுக்காடு. இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று கட்டுரை முடிந்தது. அதில் முதல் பெயர் பாவ்லோ ஸம்போனி.

இந்த மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2009இல் அவர் அவசரப்பட்டார். அந்த நூற்றுக்கு நூறு எண்ணை அவரே சந்தேகித்திருக்க வேண்டும். ஆனால் தன் பெயரால் உலகம் அறிந்த கருத்தை, தன் மனைவியின் நோயிலிருந்து பிறந்த கருத்தை, சரியான முறையில் சோதித்து, தோற்றதென்று தன் பெயரிலேயே அச்சிட்டார். எல்லோராலும் அது முடியாது. அவர் பெயரைச் சொல்லிப் பலூன் விற்றவர்கள் எவரும் தங்கள் நோயாளிகள் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று அச்சிட்டு நான் பார்த்ததில்லை. என் மைத்துனியை அந்த மருத்துவமனையிலிருந்து பிறகு ஒருவரும் கூப்பிட்டு விசாரிக்கவே இல்லை.

2019இல் வனிதா ஜெகன்னாத், கோவிந்தராஜ் அசோகன் உள்ளிட்ட நால்வர், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக இந்த மூன்று பரிசோதனைகளையும் சேர்த்து, மொத்தம் 238 பேரின் முடிவுகளை ஆராய்ந்தார்கள். பயனில்லை, இதற்கு மேல் பரிசோதனையும் தேவையில்லை என்று முடித்தார்கள்.

அந்த 48.7 விழுக்காட்டிடம் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். பலூனே போடாதவர்களில் பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய தேர்ச்சி அளந்து பார்த்த தேர்ச்சி. இந்த நோய் ஏறும், இறங்கும். மோசமாக இருக்கும்போதுதான் ஒருவர் சிகிச்சை தேடிப் போவார். அதற்குப் பிறகு அது இறங்கும் வாய்ப்பே அதிகம். அதோடு நம்பிக்கை சேர்கிறது, கவனித்துக்கொள்ளும் கைகள் சேர்கின்றன. வெகு நாளைக்குப் பிறகு ஒரு டாக்டர் கையைப் பிடித்து "சரியாகிவிடும்" என்கிறார். உடம்பு அதற்குப் பதில் சொல்கிறது. என் மைத்துனியின் கால் சூடானதும் உண்மை, அவள் படியேறியதும் உண்மை. பலூன்தான் அதைச் செய்தது என்பது மட்டும் உண்மையில்லை.

இதை அவளிடம் சொல்ல எனக்கு வருடங்கள் ஆயின. சொன்னபோது, "நான் பொய் சொன்னனான் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தச் சில மாதங்களுக்காகவாவது போனதில் வருத்தமில்லை என்கிறாள் இப்போதும். அதை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கடனும் நிறுத்திய மருந்தும் இல்லாமலே அந்த மாதங்கள் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு, எழுதுங்கோ, ஆனால் என்னைப் பாவம் எண்டு எழுத வேண்டாம் என்றாள். அவள் பாவமில்லை. அவளுக்குக் கிடைத்த தகவல்களை வைத்துத் தைரியமாக முடிவெடுத்தவள்.

பலூன் பின்னால் உலகம் ஓடிய அதே காலத்தில் மற்றப் பக்கத்து வேலை நின்றுவிடவில்லை. முதல் இன்டர்ஃபெரான் 1993இல் வந்தது. 2010இல் மாத்திரையாகவே விழுங்கும் ஃபிங்கோலிமோட், 2017இல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொட்டாக ஏற்றும் ஓக்ரலிசுமாப். எல்லாமே பாவனை மருந்தோடோ பழைய மருந்தோடோ ஒப்பிட்டுத் தேறியவை. 2022இல் அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு கோடிப் பேரின் ரத்த மாதிரிப் பதிவுகளிலிருந்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். எம்.எஸ். வந்த 801 பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் நோய்க்கு முன்பே எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றினால் ஆபத்து 32 மடங்கு. கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றும் வைரஸ் சிலருக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்பது அடுத்த வேலை. என் மைத்துனிக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொட்டு. இடது கை முழுதாகத் திரும்பவில்லை. புதிய தாக்குதல் வரவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் மேடானிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம். பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் சாப்பாட்டுக் கடையில் பழக்கமானோம். மகளுக்கு எம்.எஸ். என்று போன வருடம் தெரிந்திருக்கிறது. வேறொரு நாட்டில் ஒரு கிளினிக், ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு புதிதாகிவிடும் என்று அவர்களிடம் பெரிய தொகை கேட்டிருக்கிறது. எம்.எஸ்.ஸுக்கு ஸ்டெம் செல் என்று உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. கடுமையான மருந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி, நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லால் அதை மறுபடி வளர்ப்பது. பெரிய மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுத்துச் செய்ய வேண்டிய, ஆபத்தும் உள்ள சிகிச்சை அது. இந்த கிளினிக் சொல்வதோ ஒரு மத்தியானத்தில் முடியும் ஊசி. பெயர் மட்டும்தான் ஒன்று.

அந்த அப்பா என்னிடம், "அண்ணே, போட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த கிளினிக்குக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன்: இந்த ஊசி போட்டவர்களையும், போட்டதுபோல் பாவனை செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு எங்கே வந்திருக்கிறது? அப்படியே மகளை இங்கே ஒரு நரம்பியல் நிபுணரிடம் காட்டும்படியும், பலூன் கதையை மகளிடம் முழுவதும் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். கிளினிக்கிலிருந்து பதில் வந்ததாம். நடக்க ஆரம்பித்த நோயாளிகளின் வீடியோக்கள், கூடவே இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி. மகள் அதைப் பார்த்துவிட்டு, "இதிலே நாம கேட்டதுக்குப் பதில் இல்லையே அப்பா" என்றிருக்கிறாள். இங்கே பார்த்த நரம்பியல் நிபுணர் மருந்து தொடங்கியிருக்கிறார், மூன்று மாதம் கழித்து ஸ்கேனோடு வரச் சொல்லியிருக்கிறார்.